27 அங்குலத்துக்கு 27 அடி: பழைய வீட்டைக் கிளினிக் ஆக்கும்போது சக்கர நாற்காலிக்கு வழி செய்வது எப்படி?

கேள்வி: மடிப்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு மனையில் (40 × 60 அடி) உள்ள பழைய வீட்டின் தரைத்தளத்தை வாடகைக்கு எடுத்துக் கிளினிக் ஆக்கப்போகிறோம். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடு. தெரு மட்டத்திலிருந்து உள்தரை இரண்டே கால் அடி. முன்னால் பத்தடி காலியிடம், நடுவில் தலைவாசல். பின்னால் அடுத்தடுத்து 4 × 7 அடியில் ஒரு டாய்லெட், ஒரு பாத்ரூம். மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ரேம்ப் போட இடம் போதுமா? டாய்லெட்டை எப்படி மாற்றுவது? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இடம் போதும். தாராளம் இல்லை, ஆனால் போதும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் யாரையும் கூப்பிடாமல் தெருவிலிருந்து டாக்டர் அறைக்கும் டாய்லெட்டுக்கும் போய்த் திரும்ப முடிய வேண்டும். "ஆள் இருக்கிறார்கள், நாலு பேர் பிடித்து ஏற்றிவிடுவோம்" என்று பலர் சொல்வார்கள். பழக்கமில்லாதவர்கள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். பல நாற்காலிகளில் அந்தக் கைப்பிடி கழற்றி மாட்டும் வகை. தூக்கும்போது கையோடு வந்துவிடும், உட்கார்ந்திருப்பவர் சாய்ந்து விழுவார். விழாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாதவர்கள் தூக்கி இறக்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதற்கு அஞ்சியே வைத்தியத்துக்கு வராமல் இருந்துவிடுபவர்கள் உண்டு.

சென்னையில் ரேம்ப் உள்ள கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றில் தனியாக ஏற முடியாது. பெரும்பாலும் கோளாறு வரைபடத்தில் இருக்காது, வேலை கைமாறும் இடத்தில் இருக்கும். கொத்தனார் முடித்த இடத்தில் டைல்ஸ்காரர் தொடங்குகிறார், அவர் முடித்த இடத்தில் ஆசாரி கதவு மாட்டுகிறார், அதன் பிறகு பிளம்பர் வருகிறார். ஒவ்வொருவரும் அரை அங்குலம், ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. ஓர் அங்குல மேடு இருந்தால் முட்டி நின்றுவிடும். அதனால் கீழே சொல்லும் எல்லா அளவுகளும் வேலை முடிந்த பிறகு, டைல்ஸ் ஒட்டிய பிறகு இருக்க வேண்டிய அளவுகள். மேஸ்திரியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரேம்ப்பின் சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாகப் போகக்கூடாது. மேஸ்திரிக்குப் புரியும்படி சொன்னால், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். உங்கள் 27 அங்குலத்துக்கு 27 அடி சரிவு. இது மேல் வரம்பு. இடம் இருந்தால் 1:15 இன்னும் நல்லது, அதற்கு ஏறத்தாழ 34 அடி வேண்டும். கார் ஏற்றும் சரிவு 1:4, 1:5 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதையே ரேம்ப் என்று காட்டி முடித்துவிடுவது இங்கே வழக்கம். அந்தச் சரிவில் நாற்காலியைத் தள்ளுபவரே மூச்சுவாங்கி நிற்பார். தானே சக்கரத்தைச் சுழற்றி ஏறுபவர் பின்பக்கமாகக் கவிழ்வார்.

27 அடியை ஒரே நேராகப் போட வேண்டாம். இரண்டாகப் பிரித்துத் திருப்புங்கள். முன்னால் உள்ள பத்தடியை நீளவாக்கில் இரண்டு ஐந்தடியாகக் கொள்ளுங்கள். மனையின் நடுப்பகுதியில், கேட்டுக்கு உள்ளே, ஐந்தடி சமதளம் விட்டு, காம்பவுண்டு ஓரமாக வலப்பக்கம் 13½ அடி சரிவு. அங்கே ஐந்தடி நீளத்துக்கு, பத்தடியையும் அடைத்து, ஒரு சமதள மேடை. அதில் திரும்பி, வீட்டுச் சுவர் ஓரமாக இன்னொரு 13½ அடி சரிவு. அது தலைவாசல் முன் ஐந்துக்கு ஐந்தடி மேடையில் முடியும். நடுவிலிருந்து ஒரு பக்கம் உங்களுக்கு 20 அடி இருக்கிறது. இதற்குத் தேவை 18½ அடி. படிகள் இடப்பக்கத்திலிருந்து அதே மேடைக்கு ஏறட்டும். எல்லோரும் ஒரே வாசல் வழியாக வருவதுதான் இந்த அமைப்பின் பெரிய நன்மை. பக்கவாட்டுச் சந்தில் நேராகப் போட்டாலும் நீளம் கிடைக்கும், ஆனால் அது வீட்டின் பின்பாதியில் போய்த்தான் முடியும். நோயாளி குப்பைத் தொட்டியையும் ஜெனரேட்டரையும் தாண்டிப் பின்வாசலில் நுழைவார், ரிசப்ஷனில் இருப்பவருக்கு அவர் வந்ததே தெரியாது.

இப்படிச் செய்தால் வலப்பக்கச் சந்தின் வாய் அடைபடும். அங்கே சம்ப், போர் மோட்டார், டிரெய்னேஜ் சேம்பர், மழைநீர் சேகரிப்புக் குழி எதெது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய வீடுகளில் இவை பெரும்பாலும் முன்பக்கத்திலேயே இருக்கும். சேம்பர் மூடியின் மேல் மண் கொட்டிச் சரிவு போட்டால், முதல் அடைப்பு வரும்போது ரேம்ப்பை உடைப்பார்கள், அப்புறம் ஒழுங்காகப் பூச மாட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் இருபக்கமும் குட்டைச் சுவர் எழுப்பி, மேலே கழற்றக்கூடிய கான்கிரீட் பலகைகளைப் போடுங்கள். இடப்பக்கம் தடையில்லாமல் இருந்தால் முழு அமைப்பையும் அப்படியே இடமாற்றிக்கொள்ளலாம்.

கைப்பிடிகளுக்கு இடையே நிகர அகலம் நான்கடி (1200 மி.மீ.) இருக்க வேண்டும். பத்தடியில் வெளிச்சுவர், நடுச்சுவர் தலா நாலரை அங்குலமும், வீட்டுப் பக்கக் கைப்பிடிக்கு மூன்றரை அங்குலமும் போக, ஒவ்வொரு சரிவுக்கும் 53 அங்குலம் கிடைக்கும். நிம்மதியான அளவு. சுவர் இல்லாத பக்கத்தில் குறைந்தது நான்கு அங்குலத் திண்டு கட்டாயம், சக்கரமோ ஊன்றுகோலோ வெளியே நழுவாமல் இருப்பதற்கு.

மண் நிரப்புவதில்தான் அடுத்த சிக்கல். மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்துக் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தோண்டிய மண்ணையே உள்ளே தள்ளி மேலே கான்கிரீட் போட்டால், ஒரு மழைக்காலம் கழிந்ததும் சரிவு ஒரு பக்கமாக இறங்கும், மேடையோடு சேரும் இடத்தில் பிளவும் மேடும் உண்டாகும். கிராவல் அல்லது குவாரி டஸ்ட்டை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பச் சொல்லுங்கள். மேலே நான்கு அங்குலக் கான்கிரீட், உள்ளே வலைக்கம்பி.

உயரத்தை அளக்கும்போது கவனம். மேஸ்திரி இன்றைக்கு இருக்கும் தரையை வைத்து 27 அங்குலம் என்பார். உள்ளே பழைய மொசைக் மேல் புது டைல்ஸ் ஒட்டினால் முக்கால் அங்குலம் ஏறும். உடைத்துவிட்டுக் கிரானைட் போட்டால் கல்லும் கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலம். இதைக் கணக்கில் எடுக்காமல் ரேம்ப் போட்டுவிட்டால், கடைசியில் வாசல்படியில் ஒரு மேடு நிற்கும். அதைச் சரிக்கட்டக் கடைசி ஓரடியில் மட்டும் கலவையைச் செங்குத்தாக இழுத்துவிடுவார்கள். மொத்த நீளமும் உயரமும் கணக்குக்குச் சரியாக இருக்கும், அந்தக் கடைசி அடியில் மட்டும் யாராலும் ஏற முடியாது.

இதைப் பிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. நான்கடி மட்டப்பலகை ஒன்றும், சரியாக நான்கு அங்குலத்துக்கு அறுத்த மரக்கட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சரிவின் போக்கில் வைத்து, கீழ்முனைக்கு அடியில் கட்டையைக் கொடுங்கள். குமிழ் நடுவில் நின்றால் 1:12. கட்டை கொடுத்த பிறகும் கீழ்முனை தாழ்ந்தே இருந்தால் சரிவு அதிகம். ஒவ்வொரு சரிவிலும் அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பார்த்தால் சீவிச் சரிசெய்யலாம். மேடையில் குறுக்காகவும் நெடுக்காகவும் வையுங்கள். தண்ணீர் ஓட ஐம்பதுக்கு ஒன்று சாய்வு போதும்.

மேற்பரப்புக்குப் பளபளப்பான கிரானைட் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் வாசல் என்றால் கிரானைட் என்று ஆகிவிட்டது, ஆனால் ஐப்பசி மழையில் அதன்மேல் ஊன்றுகோல் நிற்காது. கான்கிரீட்டைத் துடைப்பத்தால் குறுக்குவாட்டில் கீறிவிட்டாலே போதும். கல்தான் வேண்டுமென்றால் நெருப்பில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கிடைக்கிறது. ஆழமான கோடு போட்ட பார்க்கிங் டைல்ஸும் வேண்டாம். முன்சக்கரம் கடகடவென்று அதிரும், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அந்த அதிர்வே கால்களை இழுத்துவிடும். ரேம்ப்பின் அடியில் தண்ணீர் போக ஜாலி வைப்பதானால் இடைவெளி 12 மி.மீ.-க்கு மேல் இருக்கக்கூடாது, கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும்.

கைப்பிடியை வெல்டிங் கடையில் சொல்லும்போது எல்லா அளவையும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாடிப்படிக்குச் செய்வது போல இரண்டு அங்குலக் குழாயில் ஒரே வரிசை செய்து வந்துவிடுவார்கள். வேண்டியது ஒன்றரை அங்குலக் குழாய் (38 முதல் 45 மி.மீ.), இருபக்கமும், இரண்டு வரிசை: மேல் வரிசை 900 மி.மீ., கீழ் வரிசை 700-லிருந்து 760-க்குள். சுவரிலிருந்து 50 மி.மீ. தள்ளி, தாங்கியைக் குழாயின் அடியில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் கை வழுக்கிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு தாங்கியிலும் இடிபடும். சரிவு தொடங்குவதற்கு 300 மி.மீ. முன்பே கைப்பிடி தொடங்கி, முடிந்தபின் 300 மி.மீ. நீண்டு, முனை கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ வளைய வேண்டும். எஸ்.எஸ். என்று சொல்லி 202 ரகத்தைத் தள்ளிவிடுவது சகஜம், சில மாதத்தில் துருப்புள்ளி விழும். 304 கேளுங்கள், திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடற்கரை ஒட்டிய இடமானால் 316.

வீட்டுக்காரர் முன்பக்கத்தில் கட்ட ஒப்பாவிட்டால் மாற்று, செங்குத்தாக ஏறும் பிளாட்பார்ம் லிஃப்ட். 1100 × 1400 மி.மீ. தளம், ஒரு நாற்காலியும் ஒருவரும் நிற்கலாம். மின்சாரம் போனால் இறங்க பேட்டரி, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் இருக்க வேண்டும். மோட்டாரும் கன்ட்ரோல் பெட்டியும் தரைமட்டத்தில் இருந்தால் முதல் வெள்ளத்தில் போய்விடும், உள்தரைக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கக்கூடாது. கடைகளில் கிடைக்கும் மடக்கு ரேம்ப்பை மட்டும் நம்ப வேண்டாம்: ஏழடி நீளப் பலகையை 27 அங்குல உயரத்தில் சாய்த்தால் சரிவு 1:3, ஆளைக் கவிழ்க்கும். அதெல்லாம் ஐந்தாறு அங்குலப் படிக்கு.

படியை எடுத்துவிடாதீர்கள். காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள், மூட்டுவலிக்காரர்கள் பலருக்குச் சரிவில் இறங்குவதைவிடப் படி எளிது. இப்போது நாலு படி இருந்தால் ஐந்தாக்குங்கள், ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலத்துக்குள் வரும். கால் வைக்கும் அகலம் 12 அங்குலம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குலத்துக்கு வேறு நிறப் பட்டை, இருபக்கமும் கைப்பிடி.

கேட்டில் இரண்டு விஷயம். ஸ்லைடிங் கேட்டின் தண்டவாளம் தரையிலிருந்து ஓர் அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தரையில் புதைத்து மட்டமாக்குங்கள். பெரிய கேட்டுக்குள் திட்டிவாசல் இருந்தால் அதன் அடிச்சட்டம் நாலு அங்குலம் நிற்கும், அதன் வழியாக நாற்காலி வரவே முடியாது. கிளினிக் நேரத்தில் பெரிய கேட் மூன்றடிக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும். ரேம்ப்பை நடைபாதையிலோ மழைநீர் வடிகால் மேலோ நீட்டாதீர்கள். மாநகராட்சி ஆக்கிரமிப்பு என்று இடித்துவிடும், நடந்துபோகிறவர்களுக்கும் அது இடைஞ்சல். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில் சரிவு இல்லையென்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் கொடுத்துத் தொடர்ந்து கேளுங்கள். மாநகரப் பேருந்தில் 2024 முதல் மறுபடியும் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன; நாற்காலியோடு பஸ்ஸில் வருபவருக்கு நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசல் வரை உள்ள அந்தக் கொஞ்ச தூரம்தான் பெரிய தடை.

வண்டி நிறுத்த இடம் விடும்போது காரை மட்டும் நினைக்காதீர்கள். உங்களிடம் வரப்போகிறவர்களில் பலர் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில்தான் வருவார்கள். சாதாரண பைக் வரிசையில் அது நுழையாது. ரேம்ப்பின் அடிக்கு அருகிலேயே ஏழடி அகலத்தில் ஒரு இடம் பெயின்ட்டில் குறித்துவிடுங்கள்.

இனி டாய்லெட். பணமும் பொறுமையும் அதிகம் கேட்பது இதுதான், ஆனால் வசதி உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வதும் இதுதான். டாய்லெட் இல்லையென்று தெரிந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் டாக்டரிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று ஏற்கெனவே அடிக்கடி வரும் உடம்புக்கு அது எவ்வளவு கெடுதல் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு 4 × 7 அறைகளுக்கு நடுவில் உள்ள சுவரை எடுத்தால் எட்டடிக்கு ஏழடி கிடைக்கும். வேண்டிய அளவு 2200 × 2000 மி.மீ., டைல்ஸ் கனம் போனாலும் அது தேறும். நடுச்சுவர் நாலரை அங்குலத் தடுப்பா, பாரம் தாங்கும் ஒன்பது அங்குலமா என்று பொறியாளரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர் என்றால் மேலே பீம் கொடுக்காமல் கை வைக்கக்கூடாது. தரைத்தளம் என்பதால் குழாயை நகர்த்துவது சுலபம்.

கம்மோடின் மையக்கோடு பக்கச் சுவரின் டைல்ஸிலிருந்து 450 முதல் 480 மி.மீ. மறுபக்கம் மூன்றடி முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், நாற்காலியை அங்கே நிறுத்தித்தான் பக்கவாட்டில் நகர்ந்து உட்காருவார்கள். வாஷ்பேசினையோ குப்பைக் கூடையையோ அங்கே வைக்காதீர்கள். உட்காரும் உயரம் தரையிலிருந்து 450 முதல் 480. சாதாரண கம்மோடு இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கும். சுவரில் தொங்கும் வகையை வாங்கினால் வேண்டிய உயரத்தில் மாட்டலாம். இருப்பதையே வைத்துக்கொள்வதானால் அடியில் இரண்டு அங்குலத் திண்டு கட்டலாம், ஆனால் திண்டு கம்மோடின் அடியைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பெரிதாக இருந்தால் நாற்காலியின் கால்மிதி அதில் இடித்து, அருகே வர முடியாமல் போகும்.

சுவர்ப் பக்கம் ஒரு எல் வடிவக் கைப்பிடி, அதன் கிடைக்கம்பி உட்காரும் மட்டத்திலிருந்து எட்டு அங்குலம் மேலே. திறந்த பக்கம், மையக்கோட்டிலிருந்து 320 மி.மீ. தள்ளி, மேலே மடக்கும் கைப்பிடி. இது மடங்காத வகையாக இருந்தால் பக்கவாட்டில் நகரவே முடியாது. இவற்றை மாட்டும் விதத்தில்தான் ஆபத்து. டைல்ஸில் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக்கும் ஸ்க்ரூவும் வைத்தால் டவல் கம்பிக்குச் சரி. ஒருவர் முழு எடையையும் ஒரே கையில் போட்டு எழும்போது பிளக் பிடுங்கிக்கொண்டு வரும். செங்கல் சுவரில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசையால் இறுகப் பிடிக்கும் போல்ட்) போடுங்கள், அல்லது மறுபக்கம் தகடு வைத்து ஊடுருவும் போல்ட். ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்), ஹாலோ பிளாக் சுவரானால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அந்த உயரத்தில் ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டிவிட வேண்டும். டைல்ஸுக்குப் பின்னால் கலவை நிரம்பாமல் குடைவாக இருந்தால் போல்ட்டை முடுக்கும்போதே டைல் விரிசல் விடும். விரலால் தட்டிப் பாருங்கள், டொக்கென்று சத்தம் வந்தால் அதைக் கழற்றி முழுக் கலவையில் ஒட்டச் சொல்லுங்கள். கடைசியில் உங்கள் ஆட்களிலேயே கனமானவரைக் கைப்பிடியில் முழு எடையும் கொடுத்துத் தொங்கச் சொல்லிப் பாருங்கள்.

ஹெல்த் ஃபாசெட்டை பிளம்பர்கள் வழக்கமாக முதுகுப் பக்கம் மாட்டுவார்கள். இடுப்பைத் திருப்ப முடியாதவருக்கு அது எட்டாது. பக்கச் சுவரில், உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு நேராக வையுங்கள். வாஷ்பேசினின் மேல்விளிம்பு 750-லிருந்து 850 மி.மீ.-க்குள், அடியில் முழங்கால் நுழைய 27 அங்குலம் காலியிடம், நிற்கும் பீடம் கூடாது, அடியில் வளைந்து போகும் டிராப் (trap) பைப்பைச் சுவரோடு ஒட்டித் தள்ள வேண்டும், நெம்புகோல் குழாய். அவசர மணிக்கு இரண்டு பொத்தான்: ஒன்று உட்கார்ந்த கைக்கு எட்டும்படி, இன்னொன்று தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கீழே விழுந்துவிட்டால் அழுத்துவதற்கு. மணி ரிசப்ஷனில் ஒலிக்க வேண்டும்.

கதவு. ஆசாரியிடம் "மூன்றடிக் கதவு" என்று சொன்னால் வெளிச்சட்டத்தோடு மூன்றடி செய்து தருவார், நிகர வழி 30 அங்குலம்கூடத் தேறாது. நிகர வழி 900 மி.மீ. வேண்டும். கணக்கு இப்படி: வெளிச்சட்டம் மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். இருபக்கச் சட்டம் தலா இரண்டரை, ஐந்து போய் 37. திறந்த கதவின் கனம் ஒன்றரை அங்குலம் போய் 35½, அதுதான் 900 மி.மீ. வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாள் பெரிய நெம்பு வகை, வெளியிலிருந்து நாணயத்தால் திறக்கக்கூடியது. பாத்ரூம் வாசலில் தண்ணீர் வராமல் இருக்க நாம் வைக்கும் அந்த ஓர் அங்குலக் கல்லை எடுத்துவிடுங்கள். 12 மி.மீ.-க்குள், சாய்வாகச் செதுக்கிய விளிம்பு மட்டும் இருக்கலாம். தண்ணீர் வெளியே வருமே என்றால், தரைச் சாய்வைக் கதவிலிருந்து எதிர்ச்சுவர் நோக்கிக் கொடுத்து, அங்கே நீள ஜாலி வையுங்கள்.

இந்த டாய்லெட்டைப் பூட்டி வைக்காதீர்கள். மாப்பு, ஃபினாயில், பழைய ஃபைல் வைக்கும் அறையாகவும் ஆக்காதீர்கள். எல்லோரும் பயன்படுத்தட்டும். பயன்பாட்டில் இருக்கும் டாய்லெட்தான் சுத்தமாகவும் இருக்கும்.

உள்ளே மற்றவை எளிது. நடைவழி நான்கடி, திரும்பும் இடங்களில் ஐந்தடி வட்டம். ரிசப்ஷன் மேசையில் ஒரு பகுதி 750 மி.மீ. உயரத்தில், அடியில் கால் நுழையும்படி. காத்திருக்கும் இடத்தில் ஒரு இருக்கையை எடுத்துவிட்டால் சக்கர நாற்காலி வழியை மறிக்காமல் நிற்கும். டாக்டர் அறையின் பரிசோதனைக் கட்டில் சாதாரணமாக இரண்டரை அடி இருக்கும், நாற்காலியிலிருந்து அதில் ஏற முடியாது. ஒன்றரை அடிக்கு இறங்கும் வகை ஒன்று வாங்குங்கள்.

பார்வையற்றவர்களுக்கு டைல்ஸ் மட்டும் போதாது. 300 × 300 மி.மீ. டைல்ஸில் புள்ளி போட்டது எச்சரிக்கைக்கு, கோடு போட்டது வழிகாட்ட. படிக்கும் ரேம்ப்புக்கும் 300 மி.மீ. முன்பாகப் புள்ளி டைல்ஸ், கேட்டிலிருந்து ரிசப்ஷன் வரை கோடு டைல்ஸ், அவ்வளவே. அழகுக்காக முற்றம் முழுக்கப் புள்ளி டைல்ஸ் பதித்தால் அதற்குப் பொருளே இல்லாமல் போகும். இதைவிட முக்கியம் தலைக்கு நேராகத் துருத்தி நிற்பவை. வெண்கோல் தரையோடு போகும். ஐந்தடி உயரத்தில் சுவரில் தொங்கும் ஏ.சி. அவுட்டோர் யூனிட் கோலுக்குத் தெரியாது, நெற்றிக்குத்தான் தெரியும். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவும் அப்படியே. வழியில் ஏழடிக்குக் கீழே எதுவும் நாலு அங்குலத்துக்கு மேல் நீட்டக்கூடாது. கண்ணாடிக் கதவில் இடுப்பு உயரத்திலும் கண் உயரத்திலும் நிறப் பட்டை ஒட்டுங்கள். டோக்கன் எண்ணைத் திரையில் காட்டவும் வேண்டும், குரலில் சொல்லவும் வேண்டும். ஒன்று காது கேளாதவருக்கு, மற்றது கண் தெரியாதவருக்கு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடம்தான், மருத்துவச் சேவைக்கான இடங்கள் அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. ஏற்கெனவே இருந்த கட்டடங்களை மாற்றக் கொடுத்த ஐந்தாண்டு அவகாசம், 2017 ஜூனில் விதிகள் வந்ததிலிருந்து கணக்கிட்டால் 2022-லேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்த முறைகளுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கக்கூடாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. உங்கள் ரேம்ப் செட்பேக் இடத்தில் (கட்டடத்தைச் சுற்றி விதிப்படி காலியாக விட வேண்டிய இடம்) வருவதால், பதிவுபெற்ற பொறியாளரிடம் பிளானில் காட்டச் சொல்லி மாநகராட்சியில் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கான்ட்ராக்டரோடு பேசும்போது கடைசித் தவணையில் ஒரு பங்கைப் பிடித்துவையுங்கள்: மட்டப்பலகை சோதனை, கைப்பிடியில் தொங்கும் சோதனை, கதவின் நிகர அளவு மூன்றும் சரியாக இருந்தால்தான் அது கிடைக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்கும் முன்னால், டைல்ஸ் வேலை தொடங்கும் முன்பே, சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் அழைத்து, அவர்களது நேரத்துக்குரிய ஊதியம் கொடுத்து, கேட்டிலிருந்து டாய்லெட் வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் போன்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளில் கேட்டால் ஆள் காட்டுவார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு சுவரை நகர்த்துவது அரைநாள் வேலை, டைல்ஸ் ஒட்டிய பிறகு யாரும் மனசு வந்து உடைக்க மாட்டார்கள்.

திறந்த பிறகும் பராமரிப்பு உண்டு. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த 263 மீட்டர் மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பழுதுபார்த்த பிறகே மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. உங்களுக்குப் புயல் வரை போக வேண்டாம்: மாதம் ஒருமுறை கைப்பிடி போல்ட்டுகளை முடுக்கி, அவசர மணியை அழுத்திப் பாருங்கள், பாசி பிடிக்கும் மழைக்காலத்தில் ரேம்ப்பை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ரேம்ப்பின் அடியில் உள்ள ஐந்தடிச் சமதளத்தில் பைக் நிறுத்தும் பழக்கம் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். அங்கே மஞ்சள் கோடு போட்டு, காலையில் கேட் திறப்பவரிடம் அந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.